கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிக்குப் புதிதாக வரும் பெற்றோருக்கு

நவம்பர் 1, காலை. மகனைப் பள்ளி வாசலில் விட்டேன். வழக்கமான சீருடை, வழக்கமான பை. உள்ளே போய்க்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்கியது. ஒருத்தி நீல முக்காடு போட்டிருந்தாள். ஒருவன் அட்டையில் வெட்டிய பெரிய சாவியைத் தூக்கிக்கொண்டு போனான், பேதுருவாம். இன்னொரு சிறுமி கை நிறையக் காகித ரோஜாக்களை அணைத்திருந்தாள். சீருடையில் வந்தவன் என் மகன் மட்டும்தான். அன்று அனைத்துப் புனிதர் பெருவிழா. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புனிதரின் வேடத்தில் வரலாம் என்று செய்திமடலின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி போட்டிருந்தார்கள். நானோ முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்தவன்.

சாயங்காலம் அழைத்துவரப் போனபோது அவன் தோளில் ஒரு பழுப்புத் துணி, கையில் ஒரு பஞ்சுப் பறவை. வகுப்பு ஆசிரியை வேடப் பெட்டியைக் கிளறி அவனை, பறவைகளோடு பேசியதாகச் சொல்லப்படும் புனிதர் அசிசி பிரான்சிஸ் ஆக்கியிருந்தார். "அப்பா, இந்தப் பறவை எங்கிட்டப் பேசும்" என்றான். அன்றைக்குப் பிழைத்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர் அல்ல. அந்த முதல் ஆண்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தாருக்கும் இது உதவும். கோவில் பழக்கம் என்பதற்காகப் பள்ளியும் பழக்கமாகிவிடாது.

1. யாரிடம் எதைக் கேட்பது

பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர். பள்ளி எந்தப் பங்கை (ஓர் ஆலயத்தைச் சார்ந்த வட்டாரத்தை) சேர்ந்ததோ அந்தப் பங்குக்கு ஒரு பங்குத் தந்தை. இவர்களுக்குப் பின்னால் மறைமாவட்டமோ (ஓர் ஆயரின் நிர்வாகப் பகுதி) ஒரு துறவற சபையோ இருக்கும். புதிதாக வருபவருக்கு இந்த மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அப்படி இல்லை.

வீட்டுப்பாடம், நண்பர்களோடு சண்டை, தொலைந்துபோன தண்ணீர்ப் புட்டி எல்லாம் வகுப்பு ஆசிரியரிடம். கட்டணம், சான்றிதழ், வருகைப் பதிவு அலுவலகத்தில். ஞானஸ்நானம், புதுநன்மை (முதன்முறையாக நற்கருணை வாங்குவது) சம்பந்தமானவை பங்கு அலுவலகத்தில். ஃபாதர் பள்ளிக்கு வரும் நாளில் வராந்தாவில் மடக்கிக் கட்டணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பாவம், அவர் சிரித்துக்கொண்டே அலுவலகத்தைக் கைகாட்டுவார், உங்களுக்கு நேரம்தான் வீண்.

என் அனுபவத்தில் பள்ளியில் அதிகம் தெரிந்தவர் அலுவலக மேசைக்குப் பின்னால் இருப்பவர்தான். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்திமடலைத் தட்டச்சு செய்பவரும் பல இடங்களில் அவரே.

பள்ளியை நடத்துவது எந்தச் சபை என்றும் பாருங்கள். பள்ளிப் பெயரிலேயே தெரிந்துவிடும், இல்லாவிட்டால் நுழைவாயில் படத்தில் தெரியும். ஜான் பாப்டிஸ்ட் தெலசால் 1680-இல் தொடங்கிய சபையின் பள்ளி என்றால் அவருடைய திருவிழாவான ஏப்ரல் 7-ஐ ஒட்டி ஏதாவது இருக்கும். ஆசிரியர்கள் அனைவருக்கும் பாதுகாவலரான புனிதர் என்று 1950-இல் அறிவிக்கப்பட்டவர் அவர். அதனால் மற்றப் பள்ளிகளிலும் அவர் பெயர் அடிபடும். சலேசியர் பள்ளி என்றால் ஜனவரி 31, அந்தச் சபையைத் தொடங்கிய தொன் போஸ்கோவின் திருவிழா. அன்றைக்குப் பாடம் கொஞ்சமாகவும் விளையாட்டு நிறையவும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பிள்ளைகளை அடித்துத் திருத்துவதை எதிர்த்து, அறிவும் சமயமும் அன்பும் போதும் என்று சொன்ன மனிதர் அவர்.

பெற்றோர் பள்ளிக்குள் மூக்கை நுழைக்கலாமா என்று தயங்குபவர்களுக்கு ஒன்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 796-ஆம் சட்டம் இதைப் பற்றியே பேசுகிறது. பெற்றோரும் ஆசிரியரும் நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், ஆசிரியர்கள் பெற்றோர் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையோ கூட்டங்களையோ அமைத்து அவற்றுக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. எனவே போய்ப் பேசுங்கள்.

2. செய்திமடலைக் கையில் பேனாவோடு படிப்பது

காகிதமாக வந்தாலும் செயலியில் வந்தாலும் செய்திமடலின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முன்பக்கத்தில் தலைமை ஆசிரியரின் கடிதம், அந்த ஞாயிற்றுக்குரிய நற்செய்தியிலிருந்து ஒரு சிந்தனை, போட்டியில் வென்ற பிள்ளைகளின் படம். உள்ளே வகுப்புச் செய்திகள். கடைசியில் தேதிகள். உங்களுக்கு உடனே வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

படிக்கும்போது நான்கு வகையான வரிகளைத் தேடுவேன். நான் நேரில் போக வேண்டியவை. பிள்ளை எதையாவது கொண்டுபோக வேண்டியவை. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டியவை. பணம் கட்ட வேண்டியவை. நான்கையும் அடிக்கோடிட்டுச் சமையலறைக் காலண்டரில் ஏற்றிய பிறகுதான் முன்பக்கத்துக்குப் போவேன். மொத்தம் பத்து நிமிடம்.

சில சொற்களை ஆரம்பத்திலேயே பிரித்துப் பார்க்கப் பழகினால் குழப்பம் குறையும். 'திருப்பலி' என்றால் குருவானவர் நிறைவேற்றும் முழுப் பூசை, அதில் நற்கருணை (குரு அர்ச்சித்துத் தரும் அப்பம்) உண்டு. 'வழிபாடு' அல்லது 'இறைவார்த்தை வழிபாடு' என்று போட்டிருந்தால் வாசகம், பாட்டு, செபம் மட்டும். ஆசிரியரே நடத்தலாம், சீக்கிரம் முடிந்துவிடும். அலுவலகத்தில் எவ்வளவு நேரம் அனுமதி கேட்பது என்பது இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அடுத்து, 'இடம்' என்ன என்று பாருங்கள். பள்ளி அரங்கமா, பங்கு ஆலயமா? நான் ஒருமுறை காலியான பள்ளி அரங்கத்தில் இருபது நிமிடம் காத்திருந்திருக்கிறேன். எல்லாரும் கோவிலில் பாட்டின் கடைசி வரியில் இருந்தார்கள்.

3. இரண்டு காலண்டர்கள்

நான் தெரிந்துகொள்ள அதிக நாள் எடுத்தது இதைத்தான். பள்ளியின் காலண்டருக்கு அடியில் திருச்சபையின் காலண்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. செய்திமடலில் திடீரென்று வருவதுபோலத் தெரியும் பாதி விஷயங்கள் அங்கே முன்கூட்டியே குறித்து வைக்கப்பட்டவை.

திருச்சபையின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று, கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலத்தோடு தொடங்குகிறது. வகுப்பறை மேசையில் விரித்திருக்கும் துணியின் நிறத்தைக் கவனியுங்கள். திருவருகைக் காலத்துக்கும், பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்துமஸ், பாஸ்கா காலங்களுக்கு வெள்ளை. தூய ஆவி பெருவிழாவுக்கும் மறைசாட்சிகளின் நாள்களுக்கும் சிவப்பு. மிச்சமுள்ள நீண்ட பொதுக்காலத்துக்குப் பச்சை. திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுவார்கள். "ரோஸ் நிற மெழுகுதிரி எந்த வாரம்?" என்று பிள்ளை வந்து கேட்டால் திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரம் என்று சொல்லுங்கள். மதிப்பு ஏறும்.

டிசம்பரில் பள்ளி வாசலில் குடில் வைப்பார்கள். அசிசி பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினாரே, அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. பல பள்ளிகளில் தீவனத்தொட்டி காலியாகவே இருக்கும். என்னைப்போல் புதிதாக வந்த ஓர் அம்மா அலுவலகத்தில் போய், குழந்தைச் சிலையை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பதறிப்போய்ச் சொன்னார். கிறிஸ்துமஸ் வரும்வரை குழந்தையை வைக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பாஸ்கா. இதன் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். மார்ச் 21-ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு என்பது கணக்கு. மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். 2025-இல் ஏப்ரல் 20. 2026-இல் ஏப்ரல் 5. 2027-இல் மார்ச் 28. அதற்கு 46 நாள் முன்னால் திருநீற்றுப் புதன், நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் நாள். நாற்பது நாள் நோன்பு என்கிறார்களே, இது 46 ஆயிற்றே என்று கேட்காதீர்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுப்பவர்கள் இந்தத் தேதியைப் பார்த்த பிறகு எடுப்பது நல்லது. போன வருடத் தேதியை நம்பி எடுத்துவிட்டு, பிள்ளை சிலுவைப்பாதையில் (இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் வழிபாடு) வெரோணிக்காவாக நடிக்க வேண்டிய நாளில் விமானத்தில் இருந்த குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும்.

திருநீற்றுப் புதனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 'போன ஆண்டுக் குருத்தோலைகள் வீட்டில் இருந்தால் கொடுத்தனுப்பவும்' என்று ஒரு வரி வரக்கூடும். பாஸ்காவுக்கு முந்தின ஞாயிறன்று கோவிலில் கொடுத்த அந்தக் காய்ந்த ஓலைகளை எரித்துத்தான் சாம்பல் எடுக்கிறார்கள். இது தெரியாமல் நான் முதல் ஆண்டு செய்த காரியம்: மாலையில் வீட்டுக்கு வந்தவனின் நெற்றியில் கறுப்பாக ஏதோ அப்பியிருக்கிறதே என்று ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டேன். பையன் அழுதான். ராத்திரிவரை அழியாமல் யார் வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் பந்தயமாம்.

தவக்காலம் தொடங்கியதும் 'அல்லேலூயா' என்ற சொல்லைப் பாடவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். சில வகுப்புகளில் அதைக் காகிதத்தில் எழுதி, வண்ணம் தீட்டி, பெட்டியில் போட்டு மூடிவிட்டுப் பாஸ்காவுக்குத் திறப்பார்கள். வீட்டில் தெரியாமல் முணுமுணுத்தால் பிள்ளை வாயைப் பொத்த வரும்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 3 புனித பிளேசியார் நாள்; இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகத் தொண்டையருகே வைத்து ஆசீர்வதிப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. மார்ச் 19 சூசையப்பர் திருவிழா, அதை ஒட்டி அப்பாக்களை அழைக்கும் பள்ளிகள் உண்டு. மே மாதம் மாதாவுக்குரியது, அக்டோபர் செபமாலை மாதம். அக்டோபர் 4 பிரான்சிஸ் திருவிழாவில் சில இடங்களில் வளர்ப்புப் பிராணிகளை ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். கூண்டு, கயிறு பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டு முறை படியுங்கள். இவை தவிர, பள்ளியின் பாதுகாவலர் யாரோ அவருடைய திருவிழா. அதை மட்டும் தவறவிடாதீர்கள். அன்றுதான் பள்ளி தன்னுடைய முழு முகத்தோடு இருக்கும்.

4. முதல் பள்ளித் திருப்பலி

பெற்றோரும் வரலாம் என்று எழுதியிருந்தால் போங்கள். எந்த மதத்தவரானாலும் போகலாம். பத்து நிமிடம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் ஓரமாக உட்காருங்கள். முன்வரிசைகள் பிள்ளைகளுக்கானவை. எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். மண்டியிடும் நேரத்தில் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சமாதானம் பகிரும்போது பக்கத்திலிருப்பவரைப் பார்த்துக் கும்பிட்டாலோ கைகொடுத்தாலோ போதும்.

நற்கருணை வாங்கும் நேரத்தில்தான் புதியவர்கள் திண்டாடுவார்கள். வரிசை நகரும், பக்கத்திலிருப்பவர்கள் எல்லாரும் போவார்கள், நீங்களும் எழுந்து பின்னாலேயே போய்விடுவீர்கள். நற்கருணை கத்தோலிக்கருக்கு மட்டும். மற்றவர்கள் இடத்திலேயே இருக்கலாம். சில இடங்களில் கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொண்டு வரிசையில் போனால் ஃபாதர் ஆசீர்வதித்து அனுப்புவார். அங்கே அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். பிள்ளைக்கும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். இதை ஒரு குறையாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொன்னால் பிள்ளையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். சின்ன வகுப்புகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இன்னும் வாங்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள். கத்தோலிக்கக் குடும்பத்தார் கவனிக்க வேண்டியது, நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் உட்கொள்ளக்கூடாது என்ற விதி. காலை இடைவேளைக்குப் பிறகு திருப்பலி என்றால் பையில் என்ன வைக்கிறோம் என்று யோசிக்க வேண்டும்.

பள்ளித் திருப்பலி ஞாயிறு பூசையைவிடச் சுருக்கமாக இருப்பதைப் பார்த்துச் சில பாட்டி தாத்தாக்கள் முகம் சுளிப்பார்கள். இது யாரும் இஷ்டத்துக்குச் செய்வதல்ல. சிறுவர்களுக்கான திருப்பலி எப்படி இருக்கலாம் என்று 1973-இல் ரோமிலிருந்தே வழிகாட்டி வந்திருக்கிறது. வாசகங்களைக் குறைக்கலாம், நற்செய்தியை மட்டும் விடக்கூடாது. பிள்ளைகளை வாசகம் படிக்கவும் மன்றாட்டு (பிறருக்காகச் சொல்லும் வேண்டுதல்) சொல்லவும் பாடவும் வைக்கலாம்.

அந்த மன்றாட்டுகள்தான் எனக்குப் பிடித்தவை. உங்கள் பிள்ளைக்கு ஒன்று கிடைத்தால் ஒரு சின்னச் சீட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் நின்றபடி, மெதுவாக, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு மூச்சு விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மைக் உயரம் எப்போதும் தகராறு. சீட்டுக்கு ஒரு நகல் எடுத்துச் சட்டைப்பையில் வையுங்கள். என் மகன் முறை வந்தபோது சீட்டை விட்டுவிட்டு, "நோயாளிகளுக்காகவும், எங்க வகுப்பு முயலுக்காகவும்" என்று சொல்லி முடித்தான். சபையே சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. முயலுக்கு அந்த வாரம் கால் வீங்கியிருந்தது உண்மைதான்.

கைபேசியை அமைதியில் போடுங்கள். படம் எடுக்கலாமா என்பதைப் பள்ளி சொல்லும், சொல்லாவிட்டால் எடுக்காதீர்கள்.

5. புதுநன்மை ஆண்டு

ஏழெட்டு வயதில் ஒரு வகுப்பே இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் பத்து வயதைத் தாண்டிய பிறகுதான் புதுநன்மை கொடுத்தார்கள். 1910-இல் திருத்தந்தை 10-ஆம் பத்திநாதர், விவரம் தெரியத் தொடங்கும் ஏழு வயதை ஒட்டியே கொடுக்கலாம் என்று ஆணையிட்டார். தொடக்கப் பள்ளிகளில் இது இவ்வளவு பெரிய விஷயமாக இருப்பதற்கு அந்த ஆணையும் காரணம்.

கத்தோலிக்கப் பெற்றோர் ஒரு வருடம் முன்பே செய்ய வேண்டியது ஞானஸ்நானச் சான்றிதழைத் தேடுவது. பதிவேடு ஞானஸ்நானம் நடந்த பங்கில்தான் இருக்கும். வேறு ஊரில், வேறு நாட்டில் நடந்திருந்தால் கடிதம் போட்டு வரவழைக்க வாரக்கணக்கில் ஆகலாம். பதிவு செய்வது பள்ளியிலா, பங்கிலா என்றும் கேளுங்கள். பள்ளியில் பாடம் நடக்கிறதே, பெயர் தானாகச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக் கடைசியில் ஓடியவர்கள் உண்டு. பெற்றோருக்கான கூட்டங்களும் இருக்கும், அவற்றுக்கும் போக வேண்டும்.

புதுநன்மைக்கு முன் முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் தனியாகப் பாவங்களை அறிக்கையிடுவது. பிள்ளை என்ன சொன்னது என்று கேட்காதீர்கள். ஃபாதர் யாரிடமும் சொல்லக்கூடாது, பிள்ளையைத் தோண்டுவதும் நியாயமில்லை. உடை விஷயத்தில் பள்ளியோ பங்கோ ஏதாவது விதி வைத்திருந்தால் அதைப் பார்க்காமல் துணி எடுக்காதீர்கள்.

உங்கள் பிள்ளை கத்தோலிக்கர் இல்லையென்றால் அந்தச் சில மாதங்கள் கொஞ்சம் ஒதுங்கியதுபோல உணரலாம். ஆசிரியையிடம் இதைப் பேசினேன். பாடகர் குழுவில் சேர்த்துக்கொண்டார். நண்பர்கள் வெள்ளை உடையில் நடந்து வந்தபோது இவன் மாடியில் நின்று பாடினான். என்ன வேலை கொடுக்கலாம் என்பது அவர்களுக்கு எப்போதும் தோன்றாது. நாம் கேட்டால் கொடுப்பார்கள்.

6. பெற்றோர் வட்டத்துக்குள் நுழைவது

முதல் ஆண்டிலேயே பெற்றோர் சங்கத்தில் பொறுப்பு எடுக்காதீர்கள். நாற்காலி அடுக்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஐந்தாறு பேர் நின்று நாற்காலி மடிப்பார்கள், கூடத்தைப் பெருக்குவார்கள். அந்த இருபது நிமிடத்தில்தான் எந்த ஆசிரியை அடுத்த ஆண்டு எந்த வகுப்புக்கு வருகிறார், பழைய சீருடையை யார் கொடுக்கிறார்கள், மழை நாளில் யார் யாரைச் சேர்த்து அழைத்துப்போகிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும். எனக்குப் பள்ளியில் கிடைத்த நண்பர்கள் மூன்று பேருமே நாற்காலி அடுக்கிக் கிடைத்தவர்கள்.

வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிக்க, சுற்றுலாவுக்குத் துணை போக விருப்பம் இருந்தால் உடனே பெயர் கொடுங்கள். பிள்ளைகளோடு பழகும் பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுவது இப்போது பல நாடுகளில் சட்டம், கத்தோலிக்கப் பள்ளிகள் இதில் கண்டிப்பாகவே இருக்கின்றன, இருக்கவும் வேண்டும். படிவங்கள் திரும்பி வர நாளாகும். சுற்றுலாவுக்கு முந்தின வாரம் போய்க் கேட்டால் நடக்காது.

வாட்ஸ்அப் குழு நல்லதுதான், ஆனால் அது செய்திமடல் அல்ல. "நாளைக்கு என்ன கலர் டிரஸ்?" என்ற கேள்விக்கு மூன்று பேர் மூன்று நிறம் சொல்வார்கள். செய்திமடலைப் படம் எடுத்துப் போடுபவராக இருங்கள், எல்லாருக்கும் பிடித்துப்போவீர்கள். ஆசிரியரைப் பற்றிய குறையை அங்கே எழுதாதீர்கள். முதலில் வகுப்பு ஆசிரியரிடம் நேரில். தீராவிட்டால் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில். அதற்கும் மேல் நிர்வாகக் குழுவோ மறைமாவட்டக் கல்வி அலுவலகமோ இருக்கும். பிள்ளையின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் இந்த வரிசை வேண்டாம். பாதுகாப்புப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு அன்றைக்கே அவரிடம் போங்கள். தேவையானால் பள்ளிக்கு வெளியே உள்ள அதிகாரிகளிடமும் போங்கள்.

7. உண்டியலும் நினைவேடும்

தவக்காலத்தில் பிள்ளை ஓர் அட்டை உண்டியலை மடித்துக்கொண்டு வரும். பெரிய நோட்டை மடித்துப் போட்டுக் கணக்கை முடிக்கும் ஆசை நமக்கு வரும். வேண்டாம். 1843-இல் பிரான்சு நாட்டில் நான்சி ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் திருப்பாலத்துவ சபை என்ற சிறுவர் அமைப்பைத் தொடங்கியபோது பிள்ளைகளிடம் அவர் கேட்டது தினமும் ஓர் 'அருள்நிறை மரியே' செபம், மாதம் ஒரு சின்ன நாணயம். பிள்ளைகள் பிள்ளைகளுக்கு உதவ வேண்டும் என்பது எண்ணம். பிள்ளை தன் கையிலிருப்பதில் எதையாவது விட்டுக்கொடுத்துப் போட்டால்தான் அந்த உண்டியலுக்கு அர்த்தம். எங்கள் வீட்டில் அது சலசலவென்று சத்தம் போட வேண்டும் என்பதற்காகவே மகன் சில்லறையாக மாற்றிப் போடுவான்.

நவம்பர் 2 இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாள். அந்த மாதம் முழுக்கப் பல பள்ளிகளில் ஒரு நினைவேடு திறந்து வைத்திருப்பார்கள். இறந்துபோன உறவினர் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். முதல் ஆண்டு நான் தள்ளி நின்றேன். அடுத்த ஆண்டு என் அம்மா பெயரை எழுதினேன். பேனா நூலில் கட்டியிருந்தது, நூல் குட்டை, கொஞ்சம் குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது. எனக்கு மேலே பெரிய பெரிய எழுத்துகளில் யாரோ ஒரு பிள்ளை, 'தாத்தா, எங்க நாய்' என்று எழுதியிருந்தது.

இறப்புச் செய்தி செய்திமடலில் வந்தால் அதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு குடும்பத்தில் இழப்பு என்றால் இத்தகைய பள்ளிகள் சட்டென்று கூடிவிடும். பிள்ளையை யார் அழைத்துவருவது, சாப்பாடு யார் பார்ப்பது, பூசை எப்போது என்று ஒரே நாளில் ஏற்பாடாகும். அதில் ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாத குடும்பமாக இருந்தாலும் பரவாயில்லை.

8. நீங்களும் செய்தி கொடுங்கள்

செய்திமடல் பள்ளி நமக்கு அனுப்புவது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அலுவலகத்தில் பேசிய பிறகுதான், பக்கத்தை நிரப்ப அவர்கள் படும் பாடு தெரிந்தது. பிள்ளை நீச்சலில் ஒரு நிலை தேறியது, தம்பிப் பாப்பா பிறந்தது, பாட்டிக்கு எண்பது ஆனது எல்லாமே செய்தி. மூன்று வரி போதும். யார், எந்த வகுப்பு, என்ன நடந்தது. அச்சுக்குப் போகும் நாள் எது என்று கேட்டு அதற்கு முந்தின நாளே கொடுங்கள். படம் கொடுத்தால் அதில் இருக்கும் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உங்கள் பிள்ளையின் படம் வெளிவரலாமா கூடாதா என்பதற்குச் சேர்க்கையின்போது ஒரு படிவம் தந்திருப்பார்கள். நினைவில்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால் மாற்றிக் கொடுக்கலாம்.

9. பழைய இதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள்

ஒரு துளையிடும் கருவியும் ஒரு கோப்பும் போதும். ஓர் ஆண்டின் இதழ்களை வரிசையாகக் கோத்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கு அதைவிட நல்ல காலண்டர் கிடையாது. பள்ளி மூன்று நாள் முன்னால் சொல்வதை நீங்கள் மூன்று வாரம் முன்னாலேயே தெரிந்துகொள்வீர்கள். வேடம் வேண்டும், ஓலை வேண்டும், காலணிப் பெட்டி வேண்டும், பழைய வெள்ளைத் துணி வேண்டும் என்று அவர்கள் கேட்பவை ஆண்டுதோறும் அநேகமாக அதே மாதத்தில் அதே வரிசையில் வரும். பாஸ்காவை ஒட்டியவற்றை மட்டும் புதுத் தேதிக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஆண்டின் கடைசி இதழ் முழுக்க வழியனுப்பும் செய்திகளாக இருக்கும், விடுமுறை மயக்கத்தில் யாரும் முழுதாகப் படிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டுப் பள்ளி தொடங்கும் தேதி, புது வகுப்பு ஆசிரியர் யார், சீருடையில் என்ன மாற்றம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எந்தப் பக்கத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.